அடங்கலில் இல்லாத பெயர்கள்

(கீழத்தஞ்சை உழைப்பாளிகளின் வரலாற்றை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறார் இந்தப் பேராசிரியர். கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் அவர் பதில் எழுதுகிறார்.)

அரசர்களின் வரலாற்றுக்குக் கல்வெட்டு இருக்கிறது, செப்பேடு இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத கூலி ஆட்களின் வரலாற்றை எதை வைத்து எழுதுகிறீர்கள்? இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள்?
– கல்லூரி மாணவி, மன்னார்குடி

என் அப்பா கிராமக் கர்ணம். எங்கள் பக்கத்தில் கணக்கப்பிள்ளை என்பார்கள். வீட்டு ரேழியில் ஒரு மர அலமாரி. அதில் கிராமத்துப் பயிர்க் கணக்கான அடங்கலும், யாரிடம் எவ்வளவு நிலம் என்று சொல்லும் சிட்டாவும் சிவப்புத் துணியில் கட்டி வைத்திருக்கும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் பள்ளி விடுமுறையில் அப்பா என்னை நகல் எழுத உட்கார வைப்பார். அடங்கலில் சர்வே எண் இருக்கும், பரப்பு இருக்கும், பட்டாதாரர் பெயர் இருக்கும், குறுவையா சம்பாவா என்று இருக்கும், தண்ணீர் எந்த வாய்க்காலிலிருந்து வருகிறது என்பதுகூட இருக்கும். நட்டவர் பெயர் இருக்காது, அறுத்தவர் பெயர் இருக்காது. அதற்கு ஒரு கட்டமே கிடையாது. காலையில் எங்கள் வீட்டைத் தாண்டி வயலுக்குப் போகிற ஐம்பது அறுபது பேரில் ஒருவர்கூட அந்தப் புத்தகத்தில் இல்லை என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவே இல்லை.

1977-இல் ஆய்வு மாணவியாக எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். அங்கே வருவாய் வாரியத்தின் பழைய தொகுதிகளில் 1819-ஆம் ஆண்டுக் கடிதங்கள் கிடைத்தன. உங்கள் ஜில்லாவில் அடிமை முறை எப்படி இருக்கிறது என்று வாரியம் கேட்க, கலெக்டர்கள் எழுதிய பதில்கள். நிலத்தோடு சேர்த்து ஆட்களை விற்பதையும் அடகு வைப்பதையும் ஏதோ உழவு மாட்டைப் பற்றி எழுதுவதுபோல் அமைதியாக எழுதியிருந்தார்கள். அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை. எங்கள் ரேழி அலமாரிதான் கண்ணுக்குள் நின்றது.

எதை வைத்து எழுதுகிறோம் என்றால், யாராவது அவர்களை எண்ண வேண்டும், வேலை வாங்க வேண்டும், தண்டிக்க வேண்டும், அல்லது பட்டினியில் சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வரும்போதுதான் ஏழைகள் காகிதத்துக்குள் வருகிறார்கள். போலீஸ் ரிக்கார்டு, நீதிமன்றச் சாட்சியம், பஞ்ச முகாம் கணக்கு, கப்பலேறியவர்கள் பட்டியல், இப்படி. ஒவ்வொன்றையும் படிக்கும்போது இதை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்று கேட்டுக்கொண்டேதான் படிக்க வேண்டும்.

இன்னொரு பக்கம் பாட்டு இருக்கிறது. பேராசிரியர் நா. வானமாமலை 1960-களில் நாட்டுப்பாடல்களைத் தொகுத்து அச்சில் கொண்டுவந்திராவிட்டால், நடவுப் பாட்டையும் ஒப்பாரியையும் வரலாற்றுச் சான்றாகக் காட்ட என் தலைமுறைக்குத் துணிச்சல் வந்திருக்காது. அப்புறம் மனிதர்களின் நினைவு, அவர்கள் கையாண்ட பொருள்கள். ஒரு மரக்கால் எனக்கு என்ன சொன்னது என்பதைப் பின்னால் எழுதுகிறேன்.

நீங்கள் காப்பகத்துக்குப் போவதாக இருந்தால் ஒன்று. பழைய வருவாய்க் கணக்குகள் பசலி ஆண்டில் இருக்கும். 590-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். பசலி 1286 என்றால் 1876 ஜூலையிலிருந்து 1877 ஜூன் வரை. இது தெரியாமல் முதல் மாதம் பூராவும் தவித்திருக்கிறேன்.

எலும்பும் தோலுமாக மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் பஞ்சப் படங்கள் வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகின்றன. அவை தாது வருஷப் பஞ்சத்தின் படங்கள்தானா? எங்கள் பாட்டி அந்தப் பஞ்சத்தைப் பற்றி ஒரு கும்மி பாடுவார்.
– வாசகர், சேலம்

பல படங்கள் அந்தப் பஞ்சத்தின் படங்கள்தான். வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்தவை. அந்தக் காலத்துக் கேமராவுக்கு முன்னால் அசையாமல் இருக்க வேண்டும். அதனால் நிற்கவே தெம்பில்லாதவர்களை வரிசையாக உட்கார வைத்து எடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. நான் வகுப்பில் அந்தப் படங்களைக் காட்டுவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. பார்த்ததும் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள், அதற்கப்புறம் எந்தக் கேள்வியும் வராது.

அதற்குப் பதிலாக ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுத ஆரம்பித்தேன். அந்த 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியைக் குறைக்க சர் ரிச்சர்ட் டெம்பிளை அரசு அனுப்பியது. அவர் வைத்த கூலி நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே சிறு காசு. ஒரு பவுண்டு என்றால் ஏறக்குறைய 450 கிராம். வெயிலில் நாள் முழுக்க மண் வெட்டிச் சுமக்கிறவருக்கு அது போதாது, உடம்பு கரைந்துபோகும் என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எழுத்திலேயே சண்டை போட்டார். கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள், ஆனால் அதற்குள் எத்தனையோ உயிர்கள் போய்விட்டன. இந்தக் கணக்கை எழுதினால் பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள். 450 கிராமை வீட்டில் நிறுத்துப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். அந்தக் கால்வாய்ப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 450 கிராம்தான் ஞாபகம் வரும்.

உங்கள் பாட்டி இருக்கிறாரா? இருந்தால் அந்தக் கும்மியை இன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள். எப்படி என்று கடைசிக் கேள்விக்கான பதிலில் சொல்லியிருக்கிறேன்.

நிலமில்லாத கூலிகளை உருவாக்கியதே வெள்ளைக்காரர்கள்தான் என்கிறாரே எங்கள் ஆசிரியர்?
– போட்டித் தேர்வு எழுதுபவர், மதுரை

அப்படி ஒரு வாதம் உண்டு. ஆனால் பொருளாதார வரலாற்றாசிரியர் தர்மா குமார் 1965-இல் வெளியிட்ட ஆய்வு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தென்னிந்தியாவில் நிலமில்லாத உழைப்பாளிகள் பெரும் எண்ணிக்கையில் இருந்ததைக் காட்டியது. அவர்கள் நிலமில்லாமல் இருந்ததற்கும் சாதிக்கும் இருந்த தொடர்பையும் காட்டியது. பிரிட்டிஷ் ஆட்சி பலரை மேலும் நிலமிழக்க வைத்தது உண்மை. 1843-இல் சட்டம் அடிமை உரிமையை ஏற்க மறுத்த பிறகும் மிராசுதார்கள் கடன் சீட்டை வைத்து அதே ஆட்களை அதே பண்ணையில் கட்டிப்போட்டதைக் கண்டும் காணாமலும் இருந்தது உண்மை. ஆனால் சேரியை அவர்கள் கட்டவில்லை. நம்முடைய பங்கை வெள்ளைக்காரன் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது.

வெண்மணியில் அரைப்படி நெல்லுக்காகவா 44 பேர் செத்தார்கள்? அவ்வளவு சின்ன விஷயமா?
– வாசகி, நாகப்பட்டினம்

அம்மா, உங்கள் கேள்வியில் இருக்கிற வலி புரிகிறது. ஆனால் ‘சின்ன விஷயம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கூலியில் கூட்டிக் கேட்ட இந்த அரைப்படிக்குத்தான் நான் வாழ்நாளில் பாதியைச் செலவழித்திருக்கிறேன்.

கீழத்தஞ்சையில் கூலி என்பது காசு இல்லை, நெல். பண்ணையாளுக்குத் தினப்படி நெல், அறுவடையில் களத்து நெல், அவ்வளவுதான். அதை அளப்பது பண்ணையின் மரக்கால். 1980-களில் ஒரு கிராமத்தில் முதியவர் ஒருவர் தன் பேரனை விட்டுப் பழைய மரக்கால் இரண்டைக் கொண்டுவரச் சொன்னார். பண்ணை நொடித்துப்போய்ச் சாமான்களை விற்றபோது வாங்கி வைத்தாராம். “ஒண்ணு குத்தகை வாங்குற மரக்கா, இன்னொண்ணு கூலி போடுற மரக்கா. பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். அளந்து பாரும்மா” என்றார். அவர் வீட்டுத் திண்ணையில் நெல்லைக் கொட்டி அளந்தோம். கூலி மரக்காலில் இரண்டு கை நெல் குறைந்தது. அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. முப்பது வருடமாகத் தெரிந்த ஒரு கணக்கை இப்போதுதான் படித்தவள் ஒருத்தி சரிபார்த்திருக்கிறாள் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

1940-களில் பி. சீனிவாச ராவ் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் தஞ்சைக்கு வந்து விவசாயிகள் சங்கம் கட்டியபோது, தண்டனையாகச் சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிய வேண்டும் என்பதோடு, அரசு முத்திரையிட்ட மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்பதும் கோரிக்கையாக இருந்தது. எனக்கு அந்தக் கோரிக்கை அன்றுதான் புரிந்தது. இரண்டு கை நெல் என்பது குழந்தையின் ஒரு வேளைக் கஞ்சி. ஒரு வருடத்தில் எத்தனை கூலி நாள் என்று பெருக்கிப் பாருங்கள்.

1952-இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் சட்டத்தின் வாயில் விழாமல் இருக்கப் பல மிராசுதார்கள் பண்ணையாட்களையே நிறுத்திவிட்டுத் தினக்கூலிக்கு மாறினார்கள். பழைய கட்டு அறுந்தது, அதோடு நிச்சயமான வேலையும் போனது. வேலைக்கு வெளியூர் ஆட்களை இறக்குவதும், செங்கொடியை இறக்கு என்று மிரட்டுவதும் இதற்குப் பின்னால் வந்தவை.

1968 டிசம்பர் 25 இரவு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஒரு குடிசைக்குள் ஒளிந்தவர்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட நில உடைமையாளர்களை உயர் நீதிமன்றம் பின்னால் விடுதலை செய்தது. 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

அப்போது நான் பள்ளி மாணவி. எங்கள் வீட்டில் மூன்று நாள் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எழுதத்தான் பல வருடம் பிடித்தது. கொன்றவர்களுக்கு அரைப்படி நெல் ஒரு பொருட்டே இல்லை. சேரி ஆட்கள் கணக்குக் கேட்டதுதான் பொறுக்கவில்லை.

நூறு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்களாமே?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், விழுப்புரம்

இருவேல்பட்டைச் சொல்கிறீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். ஊர் நிலம் யாரிடம் இருக்கிறது, கடன் எவ்வளவு, கூலி என்ன, என்ன சாப்பிடுகிறார்கள் என்று அவர்கள் எழுதி வந்தது 1918-இல் புத்தகமானது. தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம், உங்கள் இருவேல்பட்டு, எங்கள் பக்கத்துப் பாலக்குறிச்சி. 1936–37-இல் மறுபடி கணக்கெடுத்தார்கள், அதன் பின்னும் பலர் போயிருக்கிறார்கள். நூறாண்டு ஒரே ஊரைத் திரும்பத் திரும்பப் பார்த்த பதிவு உலகத்திலேயே அபூர்வம். உங்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா, சார்? சொல்லுங்கள். பக்கத்து ஊர் புத்தகத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் அவர்களும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. நீங்கள் கணக்கப்பிள்ளை வீட்டுப் பெண். எங்கள் ஜனங்களின் கதையை நீங்கள் எழுதலாமா?
– ஆய்வு மாணவர், திருவாரூர்

கோபம் இல்லை தம்பி. இந்தக் கேள்வியை எனக்கு நானே போட்டுக்கொண்ட நாள் ஒன்று உண்டு.

எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகளான நாங்கள், எங்கள் தாத்தா வயதுக்காரரைக்கூடப் பெயர் சொல்லி ‘வா, போ’ என்றுதான் கூப்பிடுவோம். யாரும் திருத்தவில்லை. 1979-இல் டேப் ரெக்கார்டரோடு எங்கள் ஊர்ச் சேரிக்குப் போனபோது, நாற்று நடுவதில் பேர்போன ஒரு மூதாட்டியை “ஆயா” என்று கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டேன். தனக்குப் பின்னால் யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்து அவர் திரும்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அன்று நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டேப் ரெக்கார்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

பிறகு பல முறை போனேன். ஏழெட்டு மாதம் கழித்துத்தான் அவர் பேசினார். பேசியதிலும் என்னிடம் சொல்லாமல் விட்டது நிறைய இருக்கும். எங்கள் அப்பாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் முகத்துக்காக விட்டிருப்பார். இதை என் புத்தகத்தின் முன்னுரையிலேயே எழுதினேன். என்னிடம் இருப்பது கணக்கப்பிள்ளை மகளிடம் அவர்கள் சொல்லத் துணிந்தது மட்டும்தான்.

நீங்கள் எழுதப்போவது வேறாக இருக்கும், இருக்க வேண்டும். உங்கள் அப்பாயி உங்களிடம் எதையும் மறைக்க வேண்டியதில்லை. அதனால் நான் எழுதியதில் தப்பு இருந்தால் தயங்காமல் போட்டு உடையுங்கள். என்னிடம் இருக்கும் குறிப்பேடுகள், கேசட்டுகள் எல்லாவற்றையும் உங்களுக்குத் திறந்து வைக்கிறேன். காவிரியில் தண்ணீர் வந்த தேதிகள், கூலி நெல் கணக்கு, எந்த ஊரில் யார் சங்கக் கொடி ஏற்றினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இதழ் அலுவலகத்துக்கு எழுதுங்கள், என் முகவரி தருவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1980-இல் அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவியை ஒழித்தபோது அப்பாவின் வேலை போனது. வீட்டில் துக்கம். எனக்கும் வருத்தம்தான், அப்பா ஆயிற்றே. ஆனால் அந்த முடிவு சரி என்று அப்போதே நினைத்தேன், அவரிடமே சொன்னேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், அரசிடம் ஒப்படைத்தது போக மிச்சமிருந்த தன் சொந்தக் குறிப்பு நோட்டுகளை எடுத்து என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். அதில் ஒரு நோட்டில் ஒரு வருடத்து அறுவடைக்கு வந்த ஆட்களின் பெயர்களை வரிசையாக எழுதியிருந்தார். எதற்காக எழுதினார் என்று கேட்காமலே விட்டுவிட்டேன்.

பினாங்கு போன என் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி எங்கே தேடுவது?
– வாசகர், வேதாரண்யம்

நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்துதான் போயிருப்பார். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி மூலமாகப் போனாரா, தானாகப் போனாரா என்று முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். 1938-க்குப் பிறகு மலாயாவுக்குக் கூலி ஆட்களை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது என்பதால் அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பாருங்கள். பெட்டியில் பழைய கடிதமோ மணியார்டர் ரசீதோ இருந்தால் அதில் தோட்டத்தின் பெயர் இருக்கும். தோட்டத்தின் பெயர் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியதுபோல்.

என் பாட்டிக்கு வயது 84. நடவு ஆளாக இருந்தவர். அவரிடம் என்ன கேட்டுப் பதிவு செய்வது? “எனக்கென்ன கதை இருக்கு” என்கிறார்.
– ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

எல்லாப் பாட்டிகளும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். ‘உன் வாழ்க்கையைச் சொல்லு’ என்று ஆரம்பிக்காதீர்கள். சின்னதாகக் கேளுங்கள். முதன்முதலில் நடவுக்குப் போனபோது என்ன கூலி? நெல்லா காசா? எந்த அளவையில் அளந்தார்கள்? யார் அளந்தது? அளக்கும்போது நின்றீர்களா, உட்கார்ந்தீர்களா? ஐப்பசி, கார்த்திகையில் வேலை இல்லாத நாட்களில் அடுப்பில் என்ன ஏறியது? நண்டா, நத்தையா, கீரையா? அதை எங்கே பிடித்தீர்கள்? பிள்ளை பிறந்து எத்தனையாம் நாள் வயலில் இறங்கினீர்கள்? வரப்பில் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டது? கூலி கூட்டிக் கேட்டதுண்டா? கேட்க முன்னால் போனது யார்?

கையில் ஏதாவது வேலை இருந்தால் பேச்சு தானாக வரும். கீரை ஆயும்போது கேளுங்கள், முறுக்குப் பிழியும்போது கேளுங்கள். ஆண்டு கேட்டால் சொல்லத் தெரியாது. புயலுக்கு முன்னாலா பின்னாலா, மூத்த பிள்ளை பிறப்பதற்கு முன்னாலா என்று கேட்டால் சரியாகச் சொல்வார். பாட வந்தால் நடுவில் எதுவும் பேசாதீர்கள். அழுதால் போனை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் வேண்டாம் என்று சொன்ன எதையும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

முடிந்ததும், அந்தக் கோப்புக்கு அவர் முழுப் பெயர், ஊர், தேதி மூன்றையும் போட்டுச் சேமியுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். 1983-இல் ஒரே நாளில் நான்கு பேரிடம் பேசிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரு கேசட்டின் மேல் எதுவும் எழுதாமல் விட்டுவிட்டேன். கரகரத்த குரல். வயலில் பாம்பு கடித்துச் செத்த தன் தங்கையைப் பற்றி ஒரு பெண் ஒப்பாரி பாடுகிறார். பதினொரு நிமிடம். யார் என்று எனக்குத் தெரியவில்லை. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இரண்டு ஊர்களில் ஏதோ ஒன்று என்பது மட்டும் நிச்சயம். வருகிற தை மாதம் இரண்டு ஊருக்கும் போய் அதைப் போட்டுக் காட்டப் போகிறேன். பாடியவரின் பிள்ளைகளுக்காவது அந்தக் குரல் அடையாளம் தெரியும்.